வாட்சனிடம் சொன்னவை

எங்கள் வீட்டில் மொட்டைமாடிக்குப் பதினாறு படிகள். பதினொன்றாவது படியில் மட்டும் சிமெண்ட் பெயர்ந்து செங்கல் தெரியும். இது எனக்குத் தெரியவந்தது 1984 கோடையில், ஒரு மின்வெட்டு இரவில். பாயைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டார்: "பாப்பா, தினம் பத்துத் தடவை ஏறி இறங்கற. மாடிக்கு எத்தனை படி?"

எனக்கு அப்போது பதினொரு வயது. தெரியவில்லை என்றேன்.

"பாக்குற. ஆனா கவனிக்கிறதில்ல."

அன்றிரவு இருட்டில் கையால் தடவித் தடவி எண்ணி முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

அது அண்ணனின் சொந்த வசனம் என்றே பல வருடம் நம்பியிருந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆங்கில மூலம் கைக்கு வந்தது. 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் இதழில் வெளியான 'பொஹீமியாவில் ஓர் அவதூறு' கதையைத் திறந்தால், முதல் சில பக்கங்களிலேயே அந்த வரி இருக்கிறது. துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெரு வீட்டுக்குப் படிகள் பதினேழு. நூற்றுக்கணக்கான முறை ஏறிய அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனுக்கு எண்ணிக்கை தெரியாது. ஹோம்ஸுக்குத் தெரியும். ஏனென்றால் அவர் பார்த்ததோடு கவனித்தும் இருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார் என்று தோன்றவே இல்லை. அவர் எனக்கு வாட்சனின் இடத்தைக் கொடுத்திருந்தார் என்பதுதான் புரிந்தது.

ஷெர்லக் ஹோம்ஸ் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது தமிழில்தான், அதுவும் அச்சில் அல்ல. அண்ணன் அப்போது பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி நூலகத்திலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவருவார். பகலில் அவர் படிப்பார். இரவில் கரண்ட் போனதும் எனக்குச் சொல்வார். ஓர் இரவுக்கு ஒரு கதை. லண்டன் மூடுபனியை மார்கழிப் பனியாகவும் குதிரை வண்டியைக் குதிரை வண்டியாகவும் நான் கற்பனை செய்துகொள்வேன். ஒவ்வொரு கதையின் முடிவிலும், வாட்சன் வாய்பிளந்து "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கும் இடத்தில், அண்ணன் குரலைத் தாழ்த்தி ஒரே வரியைச் சொல்வார்: "ஒண்ணாங்கிளாஸ் பாடம், வாட்சன்!"

நான் மூலத்தில் அதிகம் தேடியது இந்த வரியைத்தான். நான்கு நாவல்கள், ஐம்பத்தாறு சிறுகதைகள். 1887 முதல் 1927 வரை ஆர்தர் கானன் டாயில் எழுதிய அத்தனையையும் படித்தாகிவிட்டது. அந்த வரி, உலகம் சொல்கிற "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" என்ற வடிவத்தில், ஓரிடத்தில்கூட இல்லை.

மிக அருகில் வருவது 1893-இல் வந்த 'கூனன்' கதை. ஒரு கோடைக்கால இரவில், திருமணமாகிச் சில மாதங்களே ஆன வாட்சனின் வீட்டு வாசல் மணியை ஹோம்ஸ் அடிக்கிறார். நண்பரின் காலணியைப் பார்க்கிறார். போட்டுப் பழகியதாக இருந்தாலும் அழுக்காகவில்லை. பக்கத்தில் என்றால் வாட்சன் நடந்து போவார், தூரம் என்றால் வண்டி பிடிப்பார். ஆகவே இப்போது மருத்துவத் தொழிலில் கை ஓயாத வேலை. இதை விளக்கும்போது "என் அருமை வாட்சன்" என்கிறார். வாட்சன் "பிரமாதம்!" என்றதும் "எளியதுதான்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறார். இரண்டு துண்டுகளும் ஒரே உரையாடலில், சில வரி இடைவெளியில் கிடக்கின்றன. டாயில் அவற்றைச் சேர்த்துத் தைக்கவில்லை. பிறர் தைத்தார்கள். 1915-இல் நூலாக வந்த, ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸின் ஒரு நாவலில் ஒரு பாத்திரம் முழு வரியையும் சொல்கிறது. 1929-இல் வந்த ஹோம்ஸ் பேசும்படம் ஒன்றில் ஹோம்ஸாக நடித்த கிளைவ் புரூக் அதைச் சொல்லிப் படத்தை முடிக்கிறார். அதற்குப் பிறகு அது ஹோம்ஸின் வரி அல்ல என்று சொன்னால் யாரும் நம்பத் தயாராக இல்லை.

"அப்படி ஒரு வசனமே கிடையாது" என்று வெற்றியோடு அறிவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வருத்தமாக இருக்கும். தகவல் சரிதான். ஆனால் அந்த வரி பொய்யால் பிறந்ததல்ல. ஒரு கதையை இன்னொருவருக்குத் திரும்பச் சொல்பவருக்கு ஹோம்ஸின் கூர்மையும் வாட்சன் மீதான வாஞ்சையும் ஒரே மூச்சில் அடங்கும் ஒரு வரி தேவைப்படுகிறது. அறுபது கதைகளில் பரவிக் கிடப்பதை நாலு சொல்லில் பிழிந்தெடுத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் அண்ணன் செய்ததும் அதுதான்.

'ஒண்ணாங்கிளாஸ் பாடம்' என்ற மொழிபெயர்ப்பை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'அரிச்சுவடி' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது, ஆனால் பேச்சில் நிற்கவில்லை. 'அடிப்படை' என்றால் சிமெண்ட் வாடை அடிக்கிறது. நம் ஊரில் ஆரம்பப் பள்ளிக்கே எலிமெண்டரி ஸ்கூல் என்றுதானே பெயர்? அண்ணன் அந்தச் சொல்லை அதன் வகுப்பறைக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தமிழில் உண்டு. ஆங்கிலத்தில் ஹோம்ஸ் வாட்சனை எப்படி விளிக்கிறார் என்ற கேள்வியே எழாது. இருப்பது ஒரே சொல். தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று கதவுகள். 'நீங்கள்' போட்டால் இரண்டு அதிகாரிகள் பேசிக்கொள்வது போல விறைத்துப்போகிறது. 'நீ' போட்டால், ஒருவரையொருவர் குடும்பப் பெயரால் மட்டுமே அழைத்துக்கொள்ளும் அந்தக் காலத்து லண்டன் கனவான்கள் காணாமல் போகிறார்கள். என் மனம் 'நீர்' பக்கமே சாய்கிறது. "நீர் பார்க்கிறீர், ஆனால் கவனிப்பதில்லை." நட்பும் இருக்கிறது, அரை அடி உயரத்தில் நின்று பேசும் தோரணையும் இருக்கிறது. அந்த அரை அடி ஹோம்ஸிடம் எப்போதும் உண்டு.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் அந்த 'நீர்' உடைந்துபோகும். 1924-இல் வந்த 'மூன்று காரிடெப்கள்' கதையில் ஒரு கொலைகாரன் சுட்டு, குண்டு வாட்சனின் தொடையை உரசிப் போகிறது. ஹோம்ஸ் பதறி ஓடிவந்து அவரைத் தாங்குகிறார். அடிபடவில்லை என்று சொல்லும்படி கடவுளின் பெயரால் கெஞ்சுகிறார். அந்தக் குளிர்ந்த முகமூடிக்குப் பின்னால் இருந்த அன்பின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள ஒரு காயம் என்ன, பல காயங்கள் பட்டிருந்தாலும் தகும் என்று எழுதுகிறார் வாட்சன். அந்த வரியைத் தமிழில் யார் சொன்னாலும் 'நீர்' வராது. "அடி ஒண்ணும் படலையே வாட்சன்? ஐயோ, படலைன்னு சொல்லு!" என்றுதான் வாயிலிருந்து விழும். முதல் நாவல் வந்து முப்பத்தேழு வருடங்கள் கழித்து, ஒரு விகுதி கழன்று விழுகிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஹோம்ஸின் புகழ்பெற்ற வரிகளை மேற்கோளாக வெட்டியெடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வாட்சன்தான். சுவரொட்டியிலும் காபிக் கோப்பையிலும் அச்சாகிற வரிகளைப் பாருங்கள். யாரிடம் சொன்னது என்பது இருக்காது.

மிகப் பிரபலமான வரியையே எடுத்துக்கொள்ளலாம். நடக்கவே முடியாதவற்றையெல்லாம் நீக்கிவிட்டால், எஞ்சி நிற்பது எவ்வளவு நம்பமுடியாததாக இருந்தாலும் அதுவே உண்மை. 1890-இல் வந்த 'நால்வர் குறி' நாவலில், பார்தலமியூ ஷோல்டோ இறந்துகிடக்கும் அறையில் வைத்துச் சொல்வது. அந்த வீட்டின் பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். இந்தியாவில் ராணுவத்தில் இருந்து ஆக்ராப் புதையலோடு ஊர் திரும்பிய அவருடைய அப்பா மேஜர் ஷோல்டோ, தென் லண்டனில் அப்பர் நார்வுட் பகுதியில் அமைத்துக்கொண்ட வீடு. முதல் முறை படித்தபோது நம் பாண்டிச்சேரி அங்கே வாசலில் நிற்பதைப் பார்த்து அண்ணனுக்கு உடனே கடிதம் எழுதினேன். அவர் சொல்லும்போது அந்தப் பெயரை விட்டிருந்தார். "நீயே கண்டுபிடிக்கட்டும்னு வெச்சிருந்தேன்" என்று பதில் வந்தது.

மூலத்தில் அந்த வரி பொன்மொழியாக வருவதில்லை. "எத்தனை தடவை உம்மிடம் சொல்லியிருக்கிறேன்" என்ற சலிப்போடு தொடங்கும் ஒரு கேள்வி அது. உடனே ஹோம்ஸ் கணக்குப் போடுகிறார். ஆள் கதவு வழியாக வரவில்லை. ஜன்னல் வழியாக இல்லை. புகைபோக்கி வழியாக இல்லை. அறைக்குள் ஒளிந்திருக்கவும் இடமில்லை. பிறகு எங்கிருந்து வந்தான்? "கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக!" என்று கத்துவது வாட்சன். விடையைச் சொல்பவர் அவர்தான். கோப்பையில் அச்சிடும்போது அந்தக் கேள்வியும் போய்விடுகிறது, விடை சொன்னவரும் போய்விடுகிறார். கதவு, ஜன்னல், புகைபோக்கி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த உழைப்பும் போய்விடுகிறது. அந்தப் பட்டியல் முழுமையாக இல்லாவிட்டால் எஞ்சி நிற்பது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் யோசிக்க மறந்த ஐந்தாவது வழி ஒன்று எப்போதும் இருக்கக்கூடும். இதை நான் தர்க்கப் புத்தகத்தில் படிக்கவில்லை, வேலையில் படித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் ஆரம்பம் என்று எல்லோரும் புரிந்துகொள்கிற "த கேம் இஸ் அஃபுட்" என்ற வரி ஒன்றும் உண்டு. 1904-இல் வந்த 'அபி கிரேஞ்ச்' கதையில், எலும்பைக் குத்தும் குளிர்கால விடியலில், கையில் மெழுகுவத்தியோடு வந்து வாட்சனின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்வது. அந்தத் தொடர் ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே அது வேட்டையைக் குறிக்கிறது. "எழுந்திரும் வாட்சன், இரை கிளம்பிவிட்டது" என்பதுதான் பக்கத்தில் வரும். அடுத்த பத்து நிமிடத்தில் இருவரும் வண்டியில். எனக்கு இந்த வரியில் பிடித்தது வேட்டை அல்ல, தனியாகப் போக மனம் வராமல் நண்பனை எழுப்புகிற அந்த மெழுகுவத்தி.

நாய் குரைக்காத கதையைத்தான் அண்ணனிடம் அதிகமுறை கேட்டேன். 1892 டிசம்பரில் வந்த 'சில்வர் பிளேஸ்'. டார்ட்மூர் புல்வெளியில் கிங்ஸ் பைலண்ட் என்ற குதிரை லாயம். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு புகழ்பெற்ற குதிரை காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர் வெளியே இறந்துகிடக்கிறார். லாயத்தில் காவலுக்கு இருந்த பையன் மயக்கத்தில் கிடக்கிறான். அவன் சாப்பிட்ட ஆட்டுக்கறிக் குழம்பில் அபின் தூள். இங்கே அண்ணன் நிறுத்தி என்னைக் கேட்டார்: "ஏன் கறிக்குழம்பு?" சமையலறையில் வளர்ந்த எனக்கு அது கஷ்டமே இல்லை. மசாலா வாசனையில் அபினின் ருசி அமுங்கிவிடும். வேறு எந்தச் சாப்பாட்டிலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அப்படியென்றால் அன்றைக்குக் குழம்பு வைக்கவேண்டும் என்று தீர்மானிக்கக்கூடியவர் வீட்டு ஆள்தான்; வெளியிலிருந்து வந்த சூதாடி அல்ல. நான் கண்டுபிடித்த முதல் துப்பு அது. அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை.

பிறகு வருகிறது உரையாடல். வேறு எதையாவது நான் கவனிக்க வேண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கிரிகரி கேட்கிறார். இரவில் நாய் செய்த விசித்திரத்தை என்கிறார் ஹோம்ஸ். "இரவில் நாய் ஒன்றுமே செய்யவில்லையே!" "அதுதான் அந்த விசித்திரம்."

இந்த நான்கு வரிகள் தமிழுக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கும். 'செய்யவில்லையே' என்பதில் வரும் அந்த ஏகாரம் போதும். கிரிகரியின் திகைப்பு முழுவதும் அதில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. லாயத்துக்குள் நாய் இருந்தது. யாரோ உள்ளே வந்து குதிரையை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். பரணில் தூங்கிய இரண்டு பையன்கள் விழிக்கும் அளவுக்கு அது குரைக்கவில்லை. வந்தவர் அதற்கு நன்கு பழக்கமானவர். குதிரையின் கால் தசைநாரில் யாருக்கும் தெரியாத ஒரு கீறல் போட்டுத் தோற்கடிக்கப் பார்த்த பயிற்சியாளரை, குதிரையே உதைத்துக் கொன்றிருக்கிறது. குதிரைப் பந்தயம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாதது அந்தக் கதையில் ஊருக்கே கேட்கும்படி அலறுகிறது என்று டாயில் பிற்பாடு தன் நினைவுக்குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். இருக்கட்டும். இல்லாத ஒரு சத்தத்தைக் காதால் கேட்க வைத்தவர் அவர்.

1917-இல் வந்த 'கடைசி வணக்கம்' கதையின் முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். கதை நடப்பது 1914 ஆகஸ்ட் 2 இரவில், பெரும்போரின் விளிம்பில். கிழக்கிலிருந்து ஒரு காற்று வருகிறது என்கிறார் ஹோம்ஸ். இல்லையே, புழுக்கமாக அல்லவா இருக்கிறது என்கிறார் வாட்சன். மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் மாறாத ஒரே புள்ளி நீர்தான் என்று நெகிழ்கிறார் ஹோம்ஸ். இதை மொழிபெயர்க்க உட்கார்ந்து பல நாள் திணறினேன். தமிழில் காற்றுகளுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கொண்டல் என்றதும் நமக்கு மேகமும் மழையும் குளிர்ந்த மனமும்தான் வரும். இங்கிலாந்துக்காரருக்கோ கீழ்க்காற்று என்றால் ஐரோப்பாவின் உறைபனியிலிருந்து வரும் கொடுங்குளிர். உணர்ச்சியில் நெருங்குவது நம் வாடை. ஆனால் வாடை வடக்கிலிருந்து வருவது, போரோ கிழக்கிலிருந்து வந்தது. கடைசியில் 'கீழ்க்காற்று' என்றே எழுதி வைத்திருக்கிறேன். தோற்றுப்போன மொழிபெயர்ப்புதான். வாட்சனின் பதில் மட்டும் எந்த மொழியிலும் கெடுவதில்லை.

இனி வேலையில் கற்ற பாடம். நான் ஒரு மருத்துவமனையின் மருந்து ஸ்டோரில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பொறுப்பில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மாத முதல் வாரக் கணக்கெடுப்பில், விலை கூடிய ஆண்டிபயாட்டிக் ஊசி ஒன்றில் நாற்பது குப்பி குறைந்தது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கிறது, ரேக்கில் இல்லை. பேட்ச் நம்பரைப் பார்த்தேன், சப்ளையர் பில்லைப் பார்த்தேன், காலாவதி மருந்து ஒதுக்கும் பெட்டியைப் பார்த்தேன். மூன்றும் இல்லை. எஞ்சியது ஒன்றுதான் என்று நினைத்தேன். வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன பையன் அந்த வாரம் இரண்டு நாள் நேரம் கழித்துப் போயிருந்தான். எல்லார் முன்னாலும் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். திருட்டு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிகிற மாதிரிக் கேட்டேன். அது இன்னும் மோசம்.

அவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் மதியம் என் மேசைக்கு வந்து, "மேடம், ஐசியூலேர்ந்து தினமும் இந்த மருந்துக்கு இண்டென்ட் வரும். நாலு நாளா வரவே இல்லையே" என்றான்.

நாய் குரைக்கவில்லை. அதைக் கவனித்தது அவன்.

ஐசியூவுக்கு ஓடினோம். நாற்பது குப்பியும் அவர்கள் அலமாரியில் இருந்தன, ஐந்தாறு மட்டும் செலவாகி. மாதம் பிறந்த அன்று நள்ளிரவில் மொத்தமாக வாங்கிப் போயிருந்தார்கள். மருந்து கேட்டு அனுப்பிய இண்டென்ட் சீட்டு முந்தைய மாத ஃபைலில் போய்ச் சேர்ந்திருந்தது. இரவு டியூட்டி அவசரத்தில் ரெஜிஸ்டரில் கழிக்கவில்லை. பாண்டிச்சேரி லாட்ஜில் நான் கூரையை நிமிர்ந்து பார்க்காமலேயே கணக்கை முடித்திருந்தேன்.

முந்தின நாள் நின்ற அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிரவு அண்ணனுக்கு போன் செய்து முழுவதும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ரொம்ப மெதுவாக ஒரே சொல் சொன்னார்.

"நார்பரி."

1893 பிப்ரவரியில் வந்த 'மஞ்சள் முகம்' கதை. அடித்துச் சொல்வேன், ஹோம்ஸ் சொன்னவற்றிலேயே ஆகச் சிறந்த வரி இதில்தான் இருக்கிறது. தகவல் கிடைக்கும் முன்பே கோட்பாடு கட்டுவது பெருந்தவறு, உண்மைகளைக் கோட்பாட்டுக்கு ஏற்ப வளைக்கத் தொடங்கிவிடுவோம் என்று 1891-இல் வாட்சனுக்குப் பாடம் எடுத்த அதே மனிதர், இந்தக் கதையில் அதையே செய்கிறார். நார்பரியில் வசிக்கும் கிராண்ட் மன்றோவின் மனைவி, கணவருக்குத் தெரியாமல் பக்கத்துக் குடிலுக்குப் போய்வருகிறாள். அங்கே ஜன்னலில் உயிரற்ற மஞ்சள் முகம் ஒன்று தெரிகிறது. முதல் கணவன் சாகவில்லை, வந்து மிரட்டுகிறான் என்று முடிவு கட்டுகிறார் ஹோம்ஸ். எல்லாம் ஊகம் என்கிறார் வாட்சன். எல்லா உண்மைகளும் இதில் அடங்குகின்றனவே என்கிறார் ஹோம்ஸ். குடிலுக்குள் போய்ப் பார்த்தால், முகமூடி அணிந்த ஒரு சிறுமி. இறந்துபோன முதல் கணவர் கறுப்பினத்தவர்; அவருக்குப் பிறந்த மகள். அக்கம்பக்கத்தார் பேச்சுக்கும், இரண்டாம் கணவரை இழந்துவிடுவோமோ என்ற பயத்துக்கும் நடுவே தாய் தன் குழந்தையை ஒளித்து வைத்திருக்கிறாள். மன்றோ குழந்தையைத் தூக்கி முத்தமிடுகிறார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையை மனைவிக்கு நீட்டுகிறார். நான் மிக நல்லவன் அல்ல, ஆனால் நீ நினைத்ததைவிட நல்லவன் என்கிறார்.

ஹோம்ஸும் வாட்சனும் சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள். அன்றிரவு வெகுநேரம் கழித்து, கையில் ஏற்றிய மெழுகுவத்தியோடு படுக்கையறைக்குத் திரும்பும்போதுதான் ஹோம்ஸ் வாயைத் திறக்கிறார். என் திறமையில் எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டதாகவோ, ஒரு வழக்குக்குத் தேவையான உழைப்பை நான் கொடுக்கவில்லை என்றோ உமக்கு எப்போதாவது தோன்றினால், என் காதில் 'நார்பரி' என்று மெல்லச் சொல்லும், பெரிதும் கடமைப்பட்டிருப்பேன். இந்த வரியைக் கோப்பையில் அச்சடிக்க முடியாது. காது வேண்டும், பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும்.

மறுநாள் புது ஸ்டாக் ரெஜிஸ்டரின் முன் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலால் அந்த ஊர்ப்பெயரை எழுதினேன். பையன் பார்த்துவிட்டு, "இது என்ன மருந்து மேடம்?" என்றான். சாப்பாட்டு நேரத்தில் அவனை உட்கார வைத்து, அண்ணன் சொன்ன மாதிரியே, குரலை ஏற்றி இறக்கி முழுக் கதையையும் சொன்னேன். கடைசியில் ஹோம்ஸ் தோற்றதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

"முகமூடியக் கழட்டினதும் அந்தப் பாப்பா என்ன பண்ணுச்சு மேடம்?"

சிரித்தது என்றேன். எல்லார் முகத்தையும் பார்த்துப் பல் தெரியச் சிரித்தது. அதைப் பார்த்து வாட்சனும் சிரித்துவிட்டார்.